கிளேசியர் விரிகுடாவில் சிறுகப்பல் பயணம்

கிளேசியர் விரிகுடாவில் சிறுகப்பல் பயணம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் உள்ள கிளேசியர் விரிகுடாவினுள், குறைந்த எண்ணிக்கையிலான பயணிகளுடன் சிறிய கப்பல்களில் சென்று பனியாறுகள், பியோர்டுகள், கடல்வாழ் விலங்குகள் ஆகியவற்றைக் காணும் சுற்றுலா வகை ஆகும். விரிகுடாவின் வாயிலில் இருந்து அதன் உள்முனை வரையிலான தொலைவு ஏறத்தாழ 100 கி.மீ. ஆகும். ஏறத்தாழ 1750ஆம் ஆண்டில் இத்தொலைவு முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது. ஆகவே, இன்று கப்பல் ஒரே நாளில் கடக்கும் வழி, பனி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் பின்வாங்கிச் சென்ற வழியே ஆகும்.

இவ்விரிகுடா கிளேசியர் விரிகுடா தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. இங்கு எத்தனை கப்பல்கள் நுழையலாம், எவ்வளவு வேகத்தில் செல்லலாம், எவ்விலங்கிடம் இருந்து எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பன சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன.

அமைவிடம்

கிளேசியர் விரிகுடா அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு மேற்கே அமைந்துள்ளது. இதன் மேற்கில் பேர்வெதர் மலைத்தொடர் உள்ளது. அத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான பேர்வெதர் மலை 4,671 மீட்டர் உயரமானது. பசிபிக் பெருங்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதிப் பெரும் பனிப்பொழிவைத் தருகின்றது. கடலுக்கு மிக அருகில் இவ்வளவு உயரமான மலைகள் இருப்பதே இங்குள்ள பனியாறுகள் சில கடல்மட்டம் வரை இறங்கி வருவதற்குக் காரணமாகும்.

அண்மையில் உள்ள ஊர் கஸ்டாவஸ். பூங்காவின் தலைமையிடம் விரிகுடாவின் வாயிலுக்கு அருகே பார்ட்லெட் கோவ் என்னும் இடத்தில் உள்ளது. கஸ்டாவசுக்கோ ஜூனோவுக்கோ வெளியிலிருந்து செல்லும் சாலை கிடையாது. வானூர்தி அல்லது கப்பல் மூலமே செல்ல இயலும்.

பியோர்டும் பனியாறும்

ஒவ்வோர் ஆண்டும் விழும் பனி முழுவதும் உருகாமல் எஞ்சும் இடங்களில், அது அடுக்கடுக்காகச் சேர்ந்து தன் எடையாலேயே இறுகிப் பனிக்கட்டியாகின்றது. போதிய தடிப்பை அடைந்தபின், புவியீர்ப்பு விசையால் அது மெதுவாகக் கீழ்நோக்கி நகரத் தொடங்குகின்றது. இவ்வாறு நகரும் பனிக்கட்டித் திரளே பனியாறு எனப்படுகின்றது.

பனியாறு தன் அடியில் சிக்கிய கற்களைக் கொண்டு நிலத்தை அராவிச் செல்லும். நீராறு வெட்டும் பள்ளத்தாக்கு பெரும்பாலும் "V" எழுத்தைப் போன்றது. பனியாறு குடையும் பள்ளத்தாக்கோ செங்குத்தான சுவர்களும் அகன்ற அடியும் கொண்டு "U" எழுத்தைப் போல் அமையும். பனி பின்வாங்கிய பின் அப்பள்ளத்தாக்கினுள் கடல்நீர் புகுந்தால், அது பியோர்டு எனப்படும். இச்சொல் நார்வே மொழியில் இருந்து பிற மொழிகளுக்குச் சென்றதாகும்.

பியோர்டுகள் பொதுவாக உட்புறத்தில் ஆழமாகவும் வாயிலில் ஆழம் குறைந்தும் காணப்படும். பனியாறு தன் முனையில் குவித்த கல்லும் மண்ணும் வாயிலில் ஒரு திட்டாக எஞ்சுவது இதற்கு ஒரு காரணம் ஆகும். கிளேசியர் விரிகுடாவின் உட்பகுதியில் 400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உண்டு. ஆனால் வாயிலுக்கு அருகே கடலடி மேலெழுந்துள்ளது. நாளில் இருமுறை ஏறி இறங்கும் பேரலை ஓதம் இந்த மேட்டின் மீது பாயும்போது, அடியில் உள்ள ஊட்டப்பொருள் மிக்க நீர் மேலே கலக்கின்றது. இதனால் மிதவை உயிரிகளும், அவற்றை உண்ணும் சிறு மீன்களும், அம்மீன்களை உண்ணும் திமிங்கிலங்களும் இங்கு பெருகுகின்றன.

பனி பின்வாங்கிய வரலாறு

1794ஆம் ஆண்டில் ஜார்ஜ் வான்கூவரின் தலைமையில் வந்த பிரித்தானிய நில அளவைக் குழுவைச் சேர்ந்த ஜோசப் விட்பி இக்கரையை வரைந்தபோது, கிளேசியர் விரிகுடா என்று ஒன்று பெரிதாக இருக்கவில்லை. சுமார் 8 கி.மீ. நீளமுள்ள ஒரு குடாவும், அதை அடைத்து நின்ற பனிச்சுவரும் மட்டுமே காணப்பட்டன.

1879ஆம் ஆண்டில் இயற்கையியலாளர் ஜான் மியூர், டிலிங்கிட் இன வழிகாட்டிகளுடன் மரப்படகில் இங்கு வந்தார். அப்போது பனி 48 கி.மீ.க்கும் மேல் பின்வாங்கியிருந்தது. 1916 அளவில் கிராண்ட் பசிபிக் பனியாற்றின் முனை, இன்றைய விரிகுடாவின் உள்முனையில் உள்ள டார் நுழைவாயை அடைந்துவிட்டது.

இப்பின்வாங்கல் முழுவதையும் இன்றைய புவி வெப்பமடைதலின் விளைவாகக் கருதுவது சரியன்று. "சிறு பனிக்காலம்" எனப்படும் குளிர்க்காலத்தின் முடிவில் இது தொடங்கியது. தொழிற்புரட்சியின் விளைவாகக் காற்றில் கரியமில வாயு பெருகுவதற்கு முன்னரே இதில் பெரும்பகுதி நிகழ்ந்துவிட்டது. கடலை எட்டும் பனியாறுகளுக்கு ஒரு தனி இயல்பும் உண்டு. பனியாறு முன்னேறும்போது தன் முன்னால் குவிக்கும் கல்மண் திட்டு, ஆழ்கடல் நீரில் இருந்து அதன் முகப்பைக் காக்கின்றது. ஏதேனும் ஒரு காரணத்தால் முகப்பு அத்திட்டை விட்டு விலகி ஆழமான நீருக்குள் பின்சென்றால், உருகுவதும் உடைவதும் மிக விரைவாகும். பிறகு ஆழம் குறைந்த இடத்தை அடையும் வரை அது நிற்பதில்லை.

எனினும், இன்றைய நிலை வேறானது. இப்பகுதியின் பெரும்பாலான பனியாறுகள் தற்போது மெலிந்து வருகின்றன. இதற்கு வெப்பமடையும் காலநிலையே காரணமாகும். மியூரின் பெயரால் வழங்கும் மியூர் பனியாறு 1990களில் கடலைத் தொடுவதை விட்டு நிலத்தின் மீது பின்வாங்கியது. ஒரு காலத்தில் சுற்றுலாக் கப்பல்கள் காணவந்த பனியாறு அதுவே.

பனியின் எடை நீங்கியதால் நிலமும் மேலெழுந்து வருகின்றது. கிளேசியர் விரிகுடாப் பகுதியில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மி.மீ. ஆகும், உலகிலேயே மிக விரைவான நில எழுச்சிகளுள் இதுவும் ஒன்று.

ஹூனா டிலிங்கிட் மக்கள்

பனி வருவதற்கு முன் இங்கு விரிகுடாவுக்குப் பதிலாக ஆறுகள் பாயும் சமவெளி இருந்தது. ஹூனா டிலிங்கிட் மக்களின் குலங்கள் அங்கு வாழ்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி அவர்களின் குடியிருப்புகளை அழித்தது. அம்மக்கள் வெளியேறி, பின்னர் ஐசி நீரிணைக்கு மறுபுறம் உள்ள ஹூனாவில் நிலைபெற்றனர். வெளியேறிய நிகழ்வு அவர்களின் குலக்கதைகளிலும் பாடல்களிலும் வழிவழியாகக் காக்கப்பட்டு வருகின்றது. பனி முன்னேறியதைப் பற்றிய அக்கதைகள் நிலவியலாளர்களின் ஆய்வு முடிவுகளுடன் ஒத்துப் போகின்றன.

அவர்கள் மொழியில் இவ்விரிகுடாவின் பெயர் "சிட் ஈட்டி கீயீ" என்பதாகும். "பனியாறு இருந்த இடத்தில் உள்ள விரிகுடா" என்பது இதன் பொருள்.

பனி விலகியதும் ஹூனா மக்கள் மீன்பிடிக்கவும், கடல்நாய் வேட்டையாடவும், கடற்காக முட்டைகளைச் சேகரிக்கவும் மீண்டும் வந்தனர். 1925ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் இப்பகுதியைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். அதன் பின்னர் படிப்படியாக வந்த பாதுகாப்பு விதிகள், அம்மக்களின் மரபுவழித் தொழில்களைத் தடை செய்தன. முதலில் பனியும் பின்னர் சட்டமும் அவர்களைத் தங்கள் தாயகத்திலிருந்து விலக்கின எனலாம். இவ்வுறவைச் சீர்செய்யும் முயற்சிகள் பிற்காலத்தில் மேற்கொள்ளப்பட்டன. 2014ஆம் ஆண்டில், வரையறுக்கப்பட்ட அளவில் கடற்காக முட்டைகளைச் சேகரிக்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பார்ட்லெட் கோவில் ஹூனா குல இல்லம் திறக்கப்பட்டது. சிறுகப்பல் பயணிகள் பலர் இவ்வில்லத்தையும் காண்கின்றனர்.

கப்பல் சுற்றுலாவின் தொடக்கம்

1883ஆம் ஆண்டில் "ஐடகோ" என்னும் நீராவிக் கப்பல் பயணிகளுடன் கிளேசியர் விரிகுடாவினுள் சென்றது. அதில் பயணம் செய்த எழுத்தாளர் எலிசா சிட்மோர், 1885இல் அலாஸ்காவின் தென்கரை பற்றி வெளியிட்ட நூல் இப்பகுதியைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. அதன்பின் மியூர் பனியாற்றைக் காண ஆண்டுதோறும் நீராவிக் கப்பல்கள் வந்தன.

1899ஆம் ஆண்டு செப்டம்பரில் யாக்குடாட் குடாவை மையமாகக் கொண்டு ஏற்பட்ட கடும் நிலநடுக்கத்தால் மியூர் பனியாற்றின் முகப்பு நொறுங்கியது. மிதக்கும் பனி விரிகுடாவை நிரப்பியதால் கப்பல்கள் பனியாற்றை நெருங்க இயலாமல் போயிற்று. சுற்றுலாவும் பல ஆண்டுகள் நின்றது.

நினைவிடம் 1980ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 1992இல் இது யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களத்தின் பகுதியாகச் சேர்க்கப்பட்டது.

சிறுகப்பலும் பெருங்கப்பலும்

ஆயிரக்கணக்கானோரை ஏற்றும் பெருங்கப்பல்கள் விரிகுடாவினுள் சென்று, பனியாற்றின் முன் சிறிது நேரம் நின்று, அன்றே திரும்புகின்றன. பயணிகள் கரையில் இறங்குவதில்லை. பூங்கா அலுவலர்கள் கப்பலில் ஏறி விளக்கம் அளிப்பர்.

சிறுகப்பல்களில் பொதுவாகச் சில பத்துப் பயணிகள் முதல் நூறு பயணிகள் வரை செல்வர். ஜூனோ, சிட்கா, கெட்சிக்கன் போன்ற துறைகளில் இருந்து புறப்படும் இப்பயணங்கள் பெரும்பாலும் ஒரு வாரம் அளவில் நீடிக்கும். அதில் ஓரிரு நாட்கள் கிளேசியர் விரிகுடாவுக்கு ஒதுக்கப்படும். ஆழம் குறைந்த குடாக்களில் நங்கூரமிடவும், துடுப்புப் படகுகளில் பயணிகளை இறக்கவும், சிறு இயந்திரப் படகுகளில் கரைக்கு அழைத்துச் செல்லவும் இவற்றால் இயலும். பல நாள் பயணம் செய்ய இயலாதவர்களுக்காகப் பார்ட்லெட் கோவில் இருந்து ஒரு நாள் படகும் இயங்குகின்றது. அது ஏறத்தாழ 210 கி.மீ. தொலைவை எட்டு மணி நேரத்தில் சென்று திரும்புகின்றது.

சுற்றுலாப் பருவம் மே நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை ஆகும். கோடையிலும் மழையும் குளிரும் இயல்பானவை.

வழியில் காணக்கூடியவை

வாயிலில் இருந்து உள்ளே செல்லச் செல்லக் கரையில் உள்ள தாவரங்கள் மாறுகின்றன. பார்ட்லெட் கோவில் ஓங்கிய ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்களைக் கொண்ட அடர்ந்த காடு உள்ளது. அதற்கு அப்பால் ஆல்டர், வில்லோ புதர்களும், மேலும் உள்ளே பாசிகளும் தரைபடரும் சிறு செடிகளும், பனியாற்றின் அருகே வெறும் பாறையும் காணப்படுகின்றன. வாயிலில் உள்ள நிலம் பனியில் இருந்து விடுபட்டு 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. உள்முனையில் உள்ள நிலமோ மிக அண்மையில் வெளிப்பட்டது. எனவே ஒரு காடு உருவாகும் படிநிலைகளை வரிசையாக இங்கு பார்க்க முடிகின்றது. சூழலியலாளர் வில்லியம் கூப்பர் 1916இல் நிலையான ஆய்வுச் சதுரங்களை இங்கு அமைத்தார். அவற்றுள் பெரும்பாலானவை 2016இல் மீண்டும் தேடிக் கண்டறியப்பட்டு ஆய்வு தொடரப்பட்டது.

சவுத் மார்பிள் தீவில் ஸ்டெல்லர் கடற்சிங்கங்கள் பாறைகளின் மீது கூட்டமாகக் கிடக்கும். பஃபின், நீர்க்காகம் முதலிய பறவைகளும் அங்கு காணப்படுகின்றன. மலைச்சரிவுகளில் மலையாடுகளையும், ஓதம் இறங்கிய கரைகளில் கரடிகளையும் காணலாம்.

மென்மயிர் வணிகத்தால் தென்கிழக்கு அலாஸ்காவில் அற்றுப்போன கடல் நீர்நாய்கள், 1965க்கும் 1969க்கும் இடையில் வேறு பகுதிகளில் இருந்து கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை சுமார் 400. அவற்றின் வழிவந்தவை 1990களில் கிளேசியர் விரிகுடாவை அடைந்து, பின்னர் ஆயிரக்கணக்கில் பெருகின.

விரிகுடாவின் உள்முனையில் உள்ள மார்ஜரி பனியாறு ஏறத்தாழ 34 கி.மீ. நீளமானது. அதன் முகப்பு 1.6 கி.மீ. அளவு அகலமும், நீர்மட்டத்திற்கு மேல் சுமார் 75 மீட்டர் உயரமும் கொண்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

பனி உடைந்து விழுதல்

கடலை எட்டும் பனியாற்றின் முகப்பில் இருந்து பனிக்கட்டித் துண்டுகள் உடைந்து நீரில் விழுகின்றன. இவ்வொலியை டிலிங்கிட் மக்கள் "வெண்ணிற இடி" என்பர். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் செல்வதால், ஒரு கி.மீ. தொலைவில் உள்ள கப்பலில் இருப்பவர்கள் பனி விழுவதை முதலில் கண்டு, ஏறத்தாழ மூன்று நொடிகளுக்குப் பின்னரே இடியோசையைக் கேட்பர்.

பனிக்கட்டியின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியை விடச் சிறிதே குறைவு. அதனால் மிதக்கும் பனிப்பாறையின் பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருக்கும். உருகும்போது சமநிலை மாறி அது திடீரெனக் கவிழக்கூடும். இறுகிய பனிக்கட்டி நீல நிறமாகத் தோன்றுவதற்குக் காரணம், அது ஒளியின் சிவப்புப் பகுதியை உட்கவர்ந்து நீலத்தை வெளிவிடுவதாகும். காற்றுக்குமிழிகள் மிகுந்த பனி வெண்மையாகத் தெரியும்.

பனியாற்று முகப்பில் இருந்து குறைந்தது 400 மீட்டர் தொலைவில் நிற்குமாறு பூங்கா நிர்வாகம் அறிவுறுத்துகின்றது. நீருக்கடியில் உள்ள பகுதியில் இருந்தும் பனி உடைந்து மேலே பாயக்கூடும் என்பதால், முகப்பு அமைதியாகத் தோன்றினாலும் நெருங்குதல் ஆபத்தானது.

கட்டுப்பாடுகள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் ஒரு நாளில் விரிகுடாவினுள் அனுமதிக்கப்படும் கலங்களின் உச்ச எண்ணிக்கை பின்வருமாறு:

பெருஞ்சுற்றுலாக் கப்பல்கள்: 2
சிறு சுற்றுலாக் கப்பல்கள்: 3
வாடகைப் படகுகள்: 6
தனியார் படகுகள்: 25

கூன்முதுகுத் திமிங்கிலங்களை கால் கடல்மைலுக்குள், அதாவது சுமார் 460 மீட்டருக்குள், கலங்கள் நெருங்கக் கூடாது. திமிங்கிலங்கள் மிகுதியாக உள்ள கீழ் விரிகுடாவில் வேகம் 20 நாட்டுகளுக்கும், தேவைப்படும்போது 13 நாட்டுகளுக்கும் குறைக்கப்படுகின்றது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நுழைவாயில் கடல்நாய்கள் மிதக்கும் பனிக்கட்டிகளின் மீது குட்டி ஈனுகின்றன. ஆகவே மே, ஜூன் மாதங்களில் எல்லாக் கலங்களுக்கும் அது மூடப்படுகின்றது. பெருங்கப்பல்கள் ஆகஸ்ட் முடியும் வரை அங்கு செல்ல இயலாது. கப்பல் நெருங்கும்போது தாய் நீரில் குதித்தால், குட்டி குளிர்ந்த நீரில் நனைந்து உடல்வெப்பத்தை இழக்கவும், தாயைப் பிரியவும் நேரிடும் என்பதே இதன் காரணம்.

இவ்விதிகளின் தேவையை ஒரு நிகழ்வு உணர்த்துகின்றது. 2001ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு பெண் கூன்முதுகுத் திமிங்கிலம் விரிகுடாவின் வாயிலுக்கு அருகே இறந்து மிதந்தது. வால் அடையாளத்தின் மூலம் அது 1975 முதல் ஆய்வாளர்கள் அறிந்திருந்த 68ஆம் எண் திமிங்கிலம் என்பது தெரிந்தது. "ஸ்னோ" என்னும் பெயரும் அதற்கு இருந்தது. ஒரு சுற்றுலாக் கப்பல் மோதியதால் மண்டையோடு உடைந்து அது இறந்தது. அப்போது அது கருவுற்றிருந்தது. ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள அதன் எலும்புக்கூடு 2014 முதல் பார்ட்லெட் கோவில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. பயணிகள் திமிங்கிலங்களைக் காணச் செல்லும் வழியிலேயே அதுவும் உள்ளது.

இடர்கள்

பனி பின்வாங்கும்போது, அது தாங்கி நின்ற செங்குத்தான மலைச்சரிவுகள் பிடிமானத்தை இழக்கின்றன. அத்தகைய சரிவு பியோர்டினுள் இடிந்து விழுந்தால், ஒடுங்கிய நீர்ப்பரப்பில் மிகப்பெரும் ஆழிப்பேரலை எழும். இப்பூங்காவின் எல்லைக்குள் பெருங்கடல் கரையில் உள்ள லிட்டூயா குடாவில் 1958ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் நிலநடுக்கத்தால் பாறைச்சரிவு ஏற்பட்டது. எழுந்த நீர் எதிர்ச்சரிவில் 524 மீட்டர் உயரம் வரை மரங்களைப் பெயர்த்தது. அங்கு நங்கூரமிட்டிருந்த மூன்று மீன்பிடிப் படகுகளுள் இரண்டு மூழ்கின; அவற்றுள் ஒன்றில் இருந்த இருவர் இறந்தனர்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் அதிகாலையில், ஜூனோவுக்குத் தெற்கே உள்ள டிரேசி ஆர்ம் பியோர்டில் சவுத் சாயர் பனியாற்றின் அருகே பெரும் நிலச்சரிவு ஏற்பட்டது. எதிர்க்கரையில் நீர் 400 மீட்டருக்கும் மேல் ஏறியது. உயிரிழப்பு ஏற்படவில்லை. எனினும், பகல் வேளைகளில் சுற்றுலாக் கப்பல்கள் சென்றுவந்த வழி அது என்பதால், இந்நிகழ்வு பியோர்டுப் பயணங்களின் பாதுகாப்பைப் பற்றிய கேள்விகளை எழுப்பியது. கிளேசியர் விரிகுடாவில் உள்ள டைடல் நுழைவாயிலும் நிலையற்ற மலைச்சரிவு ஒன்று ஆய்வாளர்களால் அடையாளம் காணப்பட்டுள்ளது.

மாறிவரும் விரிகுடா

2014 முதல் 2016 வரை வட பசிபிக் பெருங்கடலில் நீடித்த கடல் வெப்ப அலை, உணவுச் சங்கிலியின் அடித்தளத்தைப் பாதித்தது. கிளேசியர் விரிகுடாவிலும் ஐசி நீரிணையிலும் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் எண்ணிக்கை 2013க்கும் 2018க்கும் இடையில் சுமார் 56 விழுக்காடு குறைந்தது. கப்பல்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் கட்டுப்படுத்துவதன் மூலம் மோதல்களைக் குறைக்கலாம். கடலின் வெப்பத்தைப் பூங்கா விதிகளால் கட்டுப்படுத்த இயலாது.

சிறுகப்பல் பயணமும் இச்சிக்கலுக்கு வெளியே இல்லை. சிறுகப்பல் கரையையும் விலங்குகளையும் குறைவாகத் தொந்தரவு செய்யக்கூடும். ஆனால் அது எரிபொருளால் இயங்குவது, குறைந்த பயணிகளை ஏற்றுவது. பயணிகள் தொலைநாடுகளில் இருந்து வானூர்தியில் வந்து சேர்கின்றனர். ஆகவே ஒரு பயணிக்கான கரியமில வாயு வெளியேற்றம் சிறுகப்பலில் குறைவாகத்தான் இருக்கும் என்று கொள்ள முடியாது.

1890களில் பயணிகள் கப்பலில் இருந்து கண்ட மியூர் பனியாற்றை இன்று கப்பலில் இருந்து காண முடியாது. அவர்கள் நின்ற இடத்தில் இன்று புதர்க்காடுகள் சூழ்ந்த திறந்த நீர்ப்பரப்பு உள்ளது. ஹூனா மக்கள் இவ்விரிகுடாவுக்கு இட்ட பெயரின் பொருளை இம்மாற்றம் தெளிவாக விளக்குகின்றது.